திமிங்கலத்தின் பங்காளிகள்: வேலூரில் ஆறு நாள்

முதல் நாள்

மயிலாடுதுறையில் காலை ரயிலைப் பிடித்து விழுப்புரத்தில் இறங்கினேன். அங்கிருந்து காட்பாடி பாசஞ்சர். திருவண்ணாமலை தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வரத் தொடங்கின. போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும் வண்டி. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் பொறையாறுக்காரன். எங்கள் ஊரில் மணலும் களிமண்ணும்தான், தானாக முளைத்த பாறை என்று ஒன்றைப் பார்க்க முடியாது. அதனால் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குன்றுகளைப் பார்த்துத் தீராது.

இங்கே இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து உருமாறி மேலே வந்தவை என்பதால் இவற்றில் புதைபடிவம் எதுவும் கிடைக்காது. இவை உருவானபோது கடலில் உயிர் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். மீன் போன்ற முதல் உயிர்களின் படிவம் சீனாவின் யுன்னானில் கிடைத்திருக்கிறது. அதற்கு வயது சுமார் 52 கோடி ஆண்டு. இந்தக் குன்றுகள் பிறந்து ஏறக்குறைய 200 கோடி ஆண்டு கழித்துத்தான் கடலில் முதுகுத்தண்டுக்கு அடிக்கல் விழுந்திருக்கிறது. வகுப்பில் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். கல்லைப் பார்த்துக்கொண்டே நினைத்தபோதுதான் அந்த நீளம் எனக்கு உறைத்தது.

வேலூர் கண்டோன்மென்டில் இறங்கி, சத்துவாச்சாரியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. காலாண்டு விடுமுறை. எட்டாம் வகுப்பு படிக்கும் மருமகன் ஹாலில் சார்ட்டை விரித்து வைத்திருந்தான். பள்ளியில் கொடுத்த வேலை: 'கடல்வாழ் உயிரிகளும் அவற்றின் வகைப்பாடும்'. நடுவில் பெரிய கட்டம் போட்டு 'மீன்கள்' என்று எழுதியிருந்தான். உள்ளே வஞ்சிரம், சுறா, திமிங்கலம், நட்சத்திர மீன், ஜெல்லி மீன், கணவாய். கடல் குதிரையை மட்டும் வெளியே தனியாக விட்டிருந்தான்.

"மாமா, குதிரை மீன் இல்லதானே?"

அந்தக் கட்டத்துக்குள் இருந்த ஆறில் இரண்டுதான் மீன். வெளியே நின்ற கடல் குதிரை அசல் மீன். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் திருத்தி எழுதிவிட்டுத் தூங்கிவிடுவான். அதனால், "நாளைக்குக் காலையில நாலரைக்கு எழுந்துக்கோ மாப்ளே, மீன் மார்க்கெட் போலாம்" என்றேன். புரட்டாசி மாசத்தில் மீன் மார்க்கெட்டா என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பார்க்கத்தான் போகிறோம், வாங்க இல்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள்.

இரண்டாம் நாள்

வேலூருக்குக் கடல் கிடையாது. சென்னைக் கடற்கரைக்கே 140 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் விடியற்காலை மார்க்கெட்டில் சென்னை, நாகை, கேரளா, ஆந்திரா என்று நாலு பக்கத்துக் கடலும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கரைக்கு வரும் மீனைத்தான் பார்ப்போம். இங்கே மேற்குக் கடல் மத்தியும் கிழக்குக் கடல் சங்கராவும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருந்தன.

புரட்டாசி என்பதால் கூட்டம் குறைவு. அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டிருக்கும் ஓர் அம்மா, வியாபாரம் மந்தமாக இருந்ததால் பையனுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். கணவரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

நாங்கள் காணாங்கெளுத்தி என்று சொல்லும் மீனைக் கையில் எடுத்து, "எங்க ஊர்ல இது கனகர்த்த" என்றார். நான் நின்றுவிட்டேன். அந்த மீனின் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெலிகர் கனகுர்டா. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்தில் மீன்களைச் சேகரித்து, மீனவர்கள் சொன்ன பெயரோடு படம் போட்டு 1803இல் வெளியிட்டார். அதிலிருந்து இந்தப் பெயரை எடுத்து 1816இல் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் உலகத்துக்கான பெயராக்கினார். அந்த அம்மாவின் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல் இருநூறு ஆண்டுக்கும் மேலாக உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இருக்கிறது. இதைச் சொன்னதும், "நெஜமாவா சார்?" என்று கேட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மீன் சுத்தம் செய்யும் இடத்தில்தான் உண்மையான பாடம் நடந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கத்திக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். முள் இருப்பவை ஒரு பக்கம். சுறா, திருக்கை தனி. நண்டும் இறாலும் தனி. கணவாய் வகையான கடம்பா தனி. படித்தவன் போட்ட கட்டத்தைவிட இது எவ்வளவோ சரி.

பால்சுறா ஒன்றை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவச் சொன்னேன். உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்றான். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பல். பல்லுக்கு இருக்கும் அதே அமைப்புதான் சுறாவின் தோலிலும் இருக்கிறது. கத்தி வைத்ததும் நடுத்தண்டு வெள்ளரிக்காய் போல அறுபட்டது. எலும்பு இல்லை, குருத்தெலும்பு. பக்கத்தில் வஞ்சிரத்தை வெட்டுபவர் கட்டை அதிர அடித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டின் வம்சமும் 40 கோடி ஆண்டுக்கும் முன்பே பிரிந்துவிட்டது.

அப்புறம் கடம்பா. சுத்தம் செய்த பெண் அதன் தலையைப் பிடித்து இழுத்ததும் உள்ளேயிருந்து கண்ணாடி போன்ற தகடு ஒன்று முழுசாக உருவிக்கொண்டு வந்தது. சமைக்கும் எல்லோரும் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அது ஓர் ஓட்டின் மிச்சம். கடம்பாவின் முன்னோர்கள் சங்கு, நத்தை போல மேலே ஓடு சுமந்தவை. வேகமாக நீந்தத் தொடங்கிய பிறகு ஓடு உள்ளே போய், மெலிந்து, இப்போது இந்தத் தகடாக நிற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பதும் கணவாயின் உள்ளோடுதான். கடம்பா மீனுக்கு உறவே இல்லை, நத்தைக்குத்தான் சொந்தம் என்பதற்குப் பையனுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தகட்டைக் கழுவி நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தொல்காப்பியத்து மரபியலைப் பற்றிப் பேசினோம். பள்ளியில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை படித்திருக்கிறான். 'நந்தும் முரளும்' ஈரறிவு, 'நண்டும் தும்பியும்' நான்கறிவு. அந்தப் பிரிவு புலன்களை வைத்துச் செய்தது, வம்சத்தை வைத்து அல்ல. ஆனாலும் நந்து, முரள் (நத்தை, சிப்பி வகை) இரண்டும் இன்றைய கணக்கில் மெல்லுடலிகள். நண்டும் தும்பியும் கணுக்காலிகள். அதிலும், பூச்சிகள் எல்லாமே நண்டு, இறால் வகையின் உள்ளிருந்து கிளைத்தவை என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் வைத்தவர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள்

இன்று திமிங்கலத்துக்கு ஒதுக்கிய நாள். வேலூரில் திமிங்கலத்துக்கு எங்கே போவது? கறிக்கடைக்குப் போனோம்.

"ஆட்டோட பின்னங்கால் மூட்டுக்குள்ள இருக்கற சின்ன எலும்பு வேணும் பாய். கறி வேண்டாம்."

"சூப்புக்கா சார்?"

பையனுக்குப் பாடம் என்றதும் ஒரு காலை எடுத்துப் பொறுமையாக மூட்டைப் பிரித்து, சவ்வையெல்லாம் சுரண்டி, அந்த எலும்பைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் மொட்டை மாடிக் குழாயடியில் கழுவி வெயிலில் காயவைத்தோம். கணுக்கால் எலும்பு. பாக்குக் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. மேல் முனையில் கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளம். திருப்பினால் கீழ் முனையிலும் அதே மாதிரி இன்னொரு கப்பி. மனிதனுக்கு, நாய்க்கு, குதிரைக்கு இந்த எலும்பில் மேலே மட்டும்தான் கப்பி இருக்கும். இரண்டு முனையிலும் இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை அடங்கிய இரட்டைக் குளம்புக் கூட்டத்துக்கு மட்டுமே உள்ள அடையாளம்.

2001இல் பாகிஸ்தானில் கிடைத்த பழைய திமிங்கலங்களின் புதைபடிவங்களைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. அந்தத் திமிங்கலங்களுக்குக் கால்கள் இருந்தன. கணுக்காலில் இந்த எலும்பும் இருந்தது, இரண்டு முனையிலும் கப்பியோடு.

அடுத்து வரும் கதையில் நம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரத்துக் காலாகோட் பக்கத்தில் பாறைகளைச் சேகரித்தார். பூனை அளவே இருந்த குளம்பு விலங்கு ஒன்றுக்கு 1971இல் இந்தோஹியஸ் என்று பெயர் வைத்தார். அவர் இறந்த பிறகு, மீதிப் பாறைகளை அவர் மனைவி பாதுகாத்து வைத்திருந்து, தெவிஸ்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளரிடம் கொடுத்தார். அங்கே கல்லை உடைத்துச் சுத்தம் செய்தவர் கை தவறி ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதியை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் பார்த்தால், காதெலும்பின் ஒரு பக்கச் சுவர் தடித்து உருண்டிருந்தது. அப்படிப்பட்ட காது அதுவரை திமிங்கலக் கூட்டத்தில் மட்டுமே தெரிந்திருந்தது. 2007இல் இது வெளியானது. சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுக்கு முன் ஓடைத் தண்ணீரில் நடந்து திரிந்த அந்தச் சின்ன விலங்கின் கூட்டமே திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய சொந்தம். இன்று உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் நீர்யானை. ஆடு கொஞ்சம் தள்ளிய பங்காளி.

உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1735இல் திமிங்கலத்தை மீனோடுதான் வைத்தார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் நுரையீரல், சூடான ரத்தம், பால் கொடுப்பது எல்லாவற்றையும் பார்த்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அந்தப் பதிப்பில்தான் இன்றைய விலங்குப் பெயர் முறையே தொடங்குகிறது. ஆனால் அவருக்கு அது கட்டம் மட்டும். அந்தக் கட்டங்கள் உண்மையில் வம்சாவளி என்று சொல்ல 1859இல் டார்வின் வர வேண்டியிருந்தது. பாடப் புத்தகங்கள் இன்னும் பிள்ளைகளிடம் கட்டத்தைத்தான் நீட்டுகின்றன. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்று ஒப்பிக்கிறார்கள். யார் யாருக்குப் பங்காளி, அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையான வருத்தம்.

சாயங்காலம் மலையடிவாரத்தில் ஆட்டுக் குட்டிகள் துள்ளி ஓடுவதைப் பையன் வெகுநேரம் பார்த்தான். மீனின் வால் இடமும் வலமும் அசையும். ஆடு தாவும்போது முதுகு மேலும் கீழும் வளைகிறது. திமிங்கலத்தின் வாலும் மேலும் கீழும்தான் அசைகிறது. கடலுக்குப் போன பிறகும் அது ஓடிய விதத்தை விடவில்லை.

நான்காம் நாள்

என்னோடு முதுகலை படித்த நண்பர் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டினார். மர அலமாரிகள், ஃபார்மலின் நெடி, நிறம் போன கண்ணாடி ஜாடிகள்.

ஒரு ஜாடியில் விரால். பழுப்பேறிய லேபிளில் ஓஃபியோசெஃபாலஸ் என்று இருந்தது. இப்போது அதற்குப் பெயர் சன்னா. 1793இல் பெர்லின் மருத்துவர் ப்ளாக் வைத்த பழைய பெயர் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் சன்னா என்ற பெயரை ஸ்கோபோலி என்ற இயற்கையியலாளர் 1777இலேயே வைத்துவிட்டார் என்பதால் மூத்த பெயருக்கே உரிமை. லேபிளை மாற்றவில்லையே என்று நண்பர் சங்கடப்பட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். பெயர் மாறும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்த லேபிளே போதும்.

நான் பையனுக்குக் காட்ட விரும்பியது கீழ்த்தட்டில் இருந்த வேறொரு ஜாடி. அசிடியன். பார்க்கத் தோல் பை. மேலே இரண்டு துவாரம். கடலில் கல்லிலோ படகின் அடியிலோ ஒட்டிக்கொண்டு, ஒரு துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சி இன்னொன்றால் விடும். தலை, கண், வால் ஒன்றும் கிடையாது. முற்காலத்தில் இதைச் சிப்பி, சங்கு கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 1866இல் கோவலெவ்ஸ்கி என்ற ரஷ்யர் இதன் குஞ்சுப் பருவத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். குஞ்சு தலைப்பிரட்டை போல நீந்துகிறது. வாலுக்குள் முதுகுநாண் என்ற மெல்லிய தண்டு ஓடுகிறது, அதற்கு மேலே நரம்புத் தண்டு. மூத்து ஒரு கல்லில் ஒட்டிய பிறகு வாலையும் நாணையும் கரைத்துவிடுகிறது. முதுகெலும்பு உள்ள எல்லா உயிர்களுக்கும் கருவில் அந்த நாண் உண்டு. நமக்கும் உண்டு. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தத் தோல் பைக் கூட்டம்தான் என்று மரபணு ஆய்வுகளும் இப்போது சொல்கின்றன.

பையன் ஜாடியை விட்டு எழவே இல்லை. "நட்சத்திர மீன்?" என்று கேட்டான். அதுவும் கடம்பாவைவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம் என்று நண்பர் சொன்னார். கரு உருவாகும் முறையிலேயே அந்தப் பிரிவு தெரியும். ஜெல்லி மீன் இவை எல்லாவற்றுக்கும் வெளியே, பவளத்தோடு நிற்கும்.

ஐந்தாம் நாள்

வாலாஜாவைத் தாண்டி காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவர் காலத்து ஏரி, பாலாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து நிரப்புகிறது. கரை மேல் நின்றால் அடுத்த கரை தெரியாது. கடல் பாடத்துக்கு ஏரி எதற்கு என்று பையனே கேட்டான். கடலிலிருந்து கரை ஏறிய கதைக்கு நன்னீர்தான் வழி என்றேன்.

வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாளியில் விராலும் பனையேறியும் வைத்திருந்தார். பனையேறியை ஈரத் தரையில் விட்டார். செவுள் மூடியை விரித்து, அதன் முள்ளைத் தரையில் ஊன்றி, வாலை உதைத்துத் தத்தித் தத்தி தண்ணீர் பக்கமே போனது. "மழைக்கு இதுங்க ரோட்ட தாண்டும் சார்" என்றார்.

இந்த மீனின் கதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக் காலத்தில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791 நவம்பரில் பனைமரத்து வெடிப்பில் வழிந்த மழை நீரில் இந்த மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சாராயத்தில் போட்டு பெர்லினுக்கு ப்ளாக்கிடம் அனுப்பிக்கொண்டிருந்தவர். கத்தாழை மீன்களின் ஜானியஸ் என்ற பேரினப் பெயர் அவர் நினைவாக வைத்தது. நம் மக்கள் இந்த மீனைப் பனையேறி என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பனை உச்சி வரை ஏறுமா என்பது வேறு விஷயம். தரையில் நகரும் என்பதை இன்று நாங்களே பார்த்தோம்.

இதுதான் கரையேறிய நம் முன்னோரா என்றால், இல்லை. பனையேறியும் விராலும் காற்றைச் சுவாசிப்பது தலைக்குள் செவுளுக்கு மேலே உள்ள ஓர் அறையால். அது அவற்றின் கூட்டத்தில் பின்னால் தனியாக உண்டானது. நம் வம்சத்தில் இருந்தது நுரையீரல். அதுவோ ரொம்பப் பழையது. எலும்பு மீன்களின் பொது மூதாதையிடமே அது இருந்தது என்றும், மற்ற மீன்களில் அதுவே காற்றுப்பையாக மாறியது என்றும்தான் இன்று கருதுகிறார்கள். டார்வின் இதைத் தலைகீழாக நினைத்தார். கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் உள்ள டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் வயது 37 கோடியே 50 லட்சம் ஆண்டு. கனடாவின் வடகோடியில் 2004இல் கிடைத்தது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆறுகளில் இன்னும் வாழும் நுரையீரல் மீன், வஞ்சிரத்தைவிட நமக்கும் ஆட்டுக்கும் நெருங்கிய சொந்தம்.

இதைச் சொன்னபோது பையன் கணக்குப் போட்டான். "அப்போ மீன்னு ஒரு கட்டம் போட்டா, அதுக்குள்ள நம்மளையும் போடணுமே மாமா?"

ஆமாம். சுறாவும் வஞ்சிரமும் நுரையீரல் மீனும் ஒரே கட்டத்துக்குள் வர வேண்டுமானால், அதே வம்சத்தில் வந்த தவளை, கோழி, ஆடு, திமிங்கலம், நாம் எல்லோரும் வந்தாக வேண்டும். மீன் என்பது வம்சத்தின் பெயர் இல்லை, தண்ணீரில் பிழைக்கும் பிழைப்பின் பெயர். ஒரு வகுப்பறையில் நான் சொல்லி, எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. ஐந்து நாள் கையால் தொட்டுப் பார்த்ததால் வந்தது.

ஆறாம் நாள்

காலையில் சார்ட்டை அவனே திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மரம் வரைந்தான். இடம் போதாமல் இன்னொரு சார்ட்டைக் கீழே ஒட்டினோம். கடம்பாத் தகட்டை நூலால் கட்டினான். ஆட்டெலும்பை வீட்டுக்குள் எடுத்துவர அக்கா கடைசியில் ஒத்துக்கொண்டாள். நன்றாகக் காய்ந்துவிட்டது, சுத்தமாக இருக்கிறது என்று அவளே கையில் வாங்கி இரண்டு கப்பியையும் விரலால் தடவிப் பார்த்தாள். திமிங்கலத்தின் கிளைக்குக் கீழே அது தொங்குகிறது. காணாங்கெளுத்திக்குப் பக்கத்தில் 'கனகர்த்த' என்று தெலுங்கிலும் எழுத வேண்டும் என்று கீழ் வீட்டுப் பாட்டியிடம் எழுத்தைக் கேட்டு வந்தான்.

அசிடியன் கிளை மட்டும் காலியாக இருக்கிறது. படம் வரைய மாட்டேன், உயிரோடு பார்த்துவிட்டுத்தான் வரைவேன் என்கிறான். அரையாண்டு லீவுக்குப் பொறையாறு வரச் சொல்லியிருக்கிறேன். அசிடியனுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு கல் வேண்டும். எங்கள் பக்கத்தில் கல் என்றால் அலையைத் தடுக்க லாரியில் கொண்டுவந்து கொட்டியதுதான். தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து தரங்கம்பாடியில் அந்தக் கற்களுக்கு அடியில் தேட வேண்டும்.